நடுக்கட்டில்

ஏறக்குறைய ஒரு வருஷ காலம் நான் காலையில் கண் விழித்ததும் கூரையைப் பார்த்துத்தான் வணக்கம் சொன்னேன். பக்தி ஒன்றும் இல்லை. என் இடப்பக்கக் கட்டிலில் ராடோவன் என்ற செர்பியன் படுத்திருந்தான். வலப்பக்கக் கட்டிலில் ஷபான் என்ற அல்பேனியன். முதலில் இடப்பக்கம் திரும்பிவிட்டால் ஷபான் மத்தியானம் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். வலப்பக்கம் திரும்பினால் ராடோவன், “அவன் உனக்கு என்ன உறவு?” என்று கேட்பான். இருவருக்கும் நாற்பது வயது தாண்டிவிட்டது. இரண்டு பேரும் போரைப் பார்த்தவர்கள், முகாம்களில் புல்லை வேகவைத்துத் தின்றவர்கள். ஆனாலும் காலை வணக்கம் யாருக்கு முதலில் என்பதில் பிடிவாதம். அதனால் நான் மல்லாந்தபடியே, வளைந்த தகரக் கூரையில் கோத்திருக்கும் நீர்த்துளிகளைப் பார்த்து ஆங்கிலத்தில் ஒரே ஒரு தரம் வணக்கம் சொல்வேன். இரண்டு பக்கமிருந்தும் பதில் வரும்.

என்னை நடுக்கட்டிலில் போட்டவர் விடுதி வார்டன். பழைய பட்டாளத்துக்காரர். “நீ இந்தியன். உனக்கு இரண்டு பேரும் ஒன்றுதானே?” என்றார். “ஒன்றுதான்” என்றேன். அதைக் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு பெரிய செங்கல் தொழிற்சாலை. அரக்கோணத்தில் ரயில் எஞ்சின் புகையைப் பார்த்தவர்கள் நம் ஊர்க்காரர்கள். இங்கே வானத்துக்கும் பூமிக்கும் நடுவில் வரிசையாக நிற்கும் புகைபோக்கிகளைப் பார்த்தால் அதெல்லாம் ஊதுபத்திப் புகை. காற்றில் எப்போதும் கந்தக வாடை. போர்க்காலத்தில் இத்தாலியக் கைதிகளை அடைத்திருந்த கொட்டகைகளில்தான் எங்களுக்குக் குடியிருப்பு. ஊருக்குத் திரும்பினால் உயிர் போகும் என்று ஜெர்மனியிலும் இத்தாலியிலும் முகாம்களில் கிடந்த ஆட்களை அரசாங்கம் வாரிக்கொண்டு வந்து இங்கே மண் வெட்டவும் சூளையில் கல் அடுக்கவும் விட்டிருந்தது. அந்தக் கூட்டத்தில் சொந்த இஷ்டத்தில் வந்து சேர்ந்தவன் நான் ஒருவன்தான். போர் நடந்தபோது அரக்கோணம் ரயில்வே பட்டறையிலிருந்து தொழில் பழக இந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டேன். பழகி முடித்து ஊருக்குத் திரும்பினேன். பத்து மாதம்கூட இருக்க முடியாமல் மறுபடியும் கப்பலேறினேன். இங்கே இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டர் வேலை. அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர்களுக்கு நாங்கள் எல்லோரும் ஒரே சாதி. ரொட்டிக் கடைக்காரம்மா ஒருநாள் என்னிடம், “போலந்தில் நீ எந்த ஊர்?” என்று கேட்டாள். “திருத்தணி” என்றேன். “ஐயோ பாவம், அங்கே குண்டு ரொம்பப் போட்டார்களாமே” என்று ஒரு ரொட்டித் துண்டு கூடவே வைத்தாள். மறுக்கவில்லை. சாப்பிட்டேன்.

இனி அந்தச் சண்டை விவகாரம். யுகோஸ்லாவியாவில் கொசோவோ என்று ஒரு சமவெளி. ஐந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் துருக்கிச் சுல்தான் படையோடு வந்தான். செர்பிய அரசன் எதிர்த்து நின்றான். சண்டையில் இரண்டு பேரும் செத்தார்கள். நாடு சுல்தான் வகையறாவுக்குப் போயிற்று. இவ்வளவுதான் செய்தி. நம்மூர் வாத்தியார் இரண்டு வரியில் எழுதிப் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். ஆனால் ராடோவனின் ஜனங்கள் அந்தத் தோல்வியை வைத்து மலை மலையாகப் பாட்டுக் கட்டியிருக்கிறார்கள். அவர்கள் அரசனுக்குச் சொர்க்க ராஜ்யம் வேண்டுமா, பூலோக ராஜ்யம் வேண்டுமா என்று வானத்திலிருந்து ஓலை வந்ததாம். சொர்க்கம் போதும் என்று சொல்லிவிட்டானாம். தோற்றதற்கு இப்படி ஒரு சமாதானம் கண்டுபிடித்தவனை மெச்சத்தான் வேண்டும். சண்டைக்கு முந்திய விருந்தில் துரோகி என்று பழிக்கப்பட்ட ஒரு வீரன், மறுநாள் சரணடைவதுபோல் சுல்தானின் கூடாரத்துக்குப் போய் அவனைக் குத்திக் கொன்றானாம். அவனைச் சொல்லும்போதெல்லாம் ராடோவன் தொப்பியைக் கழற்றிவிடுவான்.

ஷபானின் பாட்டிலும் அதே சமவெளி, அதே சுல்தான், அதே கத்தி. குத்திய வீரன் மட்டும் அல்பேனியன். ஷபானின் ஊருக்கு அடுத்த ஊரில் பிறந்தவனாம். பெயரும் கிட்டத்தட்ட அதே பெயர். கடைசியில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். அந்தப் பாட்டில் வீரனின் தலையை வெட்டுகிறார்கள். அவன் வெட்டுண்ட தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓர் ஊற்று வரைக்கும் நடக்கிறான். அங்கே பெண்கள் பார்த்துக் கூச்சல் போட்டதும் விழுகிறான். ஷபான் முஸ்லிம். “உன் மதத்துச் சுல்தானைக் கொன்றவனை உன் ஆள் என்று பாடுகிறாயே, உனக்கே நியாயமாக இருக்கிறதா?” என்று கேட்டேன். “சுல்தான் வெளியிலிருந்து வந்தவன். இவன் எங்கள் ஊர்க்காரன்” என்றான், குழந்தைக்குச் சொல்வதுபோல. செத்துப்போன ஒரு கொலைகாரனுக்கு இரண்டு அப்பன்மார் உரிமை கொண்டாடுகிறார்கள் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

இதில் வேடிக்கை, இரண்டு பாட்டுக்கும் வாத்தியம் ஒன்று. ராடோவன் ஒரு மரக்கட்டையைக் குடைந்து, ஆட்டுத்தோல் கட்டி, குதிரைவால் மயிரில் ஒற்றை நரம்பு போட்டு அதைச் செய்தான். வில்லால் இழுத்தால் மாவு மில் ஓடுவதுபோல ஒரே சுருதியில் இரையும். அவன் அதை குஸ்லே என்றான். ஷபான் லஹுத்தா என்றான். அதன் தலையில் ராடோவன் ஓர் ஆட்டுத்தலை செதுக்கியபோது ஷபான், “ஆடு எங்களுடையது” என்றான். மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் ராடோவன் வேலைக்குப் போயிருக்கும் பகல் வேளைகளில் ஷபான் அதைச் சுவரிலிருந்து எடுத்து, என் கட்டிலில் உட்கார்ந்து மெல்ல வாசிப்பான். ராடோவன் வந்து நரம்பைத் தொட்டுப் பார்த்து, “யார் தளர்த்தியது?” என்பான். “குளிர்” என்பேன். இரண்டு பேரையும் ஏமாற்றுவதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

நான் ஏன் இவ்வளவு இளக்காரமாகப் பேசுகிறேன் என்றால், இந்த நோய் எனக்குப் புதிதில்லை. ஊரில் இதைத் தாங்காமல்தான் ஓடிவந்தேன். நான் தொழில் பழகித் திரும்பியபோது திருத்தணியில் ஒரே பேச்சு: மாகாணத்தைப் பாஷைப்படி பிரிக்கப் போகிறார்கள், மலை யாருக்கு? சித்தூர் ஜில்லாவில் இருப்பதால் தெலுங்குக்காரர்களுக்கு என்று ஒரு கட்சி; முருகன் இருப்பதால் தமிழர்களுக்கு என்று ஒரு கட்சி. திருத்தணிக்குப் பக்கத்துக் கே.ஜி.கண்டிகையில் எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அம்மாவுக்குத் தமிழ் தவிர ஒன்றும் வராது. நைனா போன பிறகு அண்ணன் தமிழ்க் கட்சியில் சேர்ந்து ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். அக்கா கமலம்மாவைக் கட்டிய பாவா, வடக்கே மூன்று மைல் தள்ளி இருக்கிற ஊர்க்காரர். அவர் அந்தப் பக்கத்து மனுவைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். ஒருநாள் கண்டிகை டீக்கடையில் இருவரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

“சீமைக்குப் போய் வந்தவன் நீ. உன் கையெழுத்து இருந்தா அது ஒரு கணக்கு. போடுடா மணி” என்று அண்ணன் காகிதத்தை நீட்டினார்.

பாவா தன் மனுவையும் என் முன்னால் வைத்துவிட்டு என் தோளில் கை வைத்தார். “நீயே சொல்லுப்பா. உங்க நைனா கடேசி வரைக்கும் மலை முருகன சுப்பராயுடுன்னுதானே கூப்ட்டுகினு இருந்தாரு?”

“அவ்ளோ ஆசையா இருந்தா மூட்டையக் கட்டிகினு அந்தப் பக்கம் போயிடேன். இங்க இன்னா வேலை உனக்கு?” என்றார் அண்ணன். கடையில் பத்துப் பேர் இருந்தார்கள்.

பாவா டம்ளரைக் கீழே வைத்தார். சத்தம் போடவில்லை. “என் தாத்தா வெட்ன கெணத்துத் தண்ணிலதான் இந்தக் கடைல டீ போடறாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். அது உண்மை; கண்டிகையில் எல்லோருக்கும் தெரியும். நான் இரண்டு காகிதத்தையும் மடித்து விசிறிக்கொண்டேன். கடைக்காரர் சிரித்தார்.

மறுநாள் அக்கா வந்தாள். வெயிலில் நடந்து வந்து, வாசலில் நின்றபடியே கேட்டாள். “நேத்து அங்க நீ இருந்தியா இல்லியா?”

“இருந்தேன்.”

“அண்ணன் பேசினது தப்புன்னு ஒரு வார்த்தை அவருகிட்ட வந்து சொல்லுடா. நீ சொன்னா கேப்பாரு. இல்லன்னா இந்த வாசப்படிய என்னை மெதிக்க வுட மாட்டாரு.”

“ரெண்டு பேரும் பைத்தியம்க்கா. மலைக்கு எந்த பாஷையும் தெரியாது. எனக்கு இதுல இன்னா வேலை?”

“ஆங், உனக்கு இன்னா வேலை. நீ கப்பலேறிப் போயிடுவே. நான் நடந்துகினு இல்ல போவணும்” என்றாள். உள்ளே அம்மா இலை போட்டிருந்தாள். அக்கா சாப்பிடவில்லை. வந்த வழியே திரும்பி நடந்தாள். அடுத்த மாதமே நான் கப்பல் டிக்கெட் எடுத்தேன். இந்தச் சில்லறைச் சண்டைகளுக்கு அப்பாற்பட்டவன் என்ற நினைப்போடு.

ஜூன் மாதக் கடைசியில் செர்பியர்களுக்கு ஒரு புனிதர் திருநாள். அந்தச் சண்டை நடந்ததும் அன்றைக்குத்தானாம். விடுதியில் இருபது செர்பியர்கள் இருந்தார்கள். சாயங்காலம் சாப்பாட்டுக் கூடத்தில் பாட்டு வைக்க அனுமதி கேட்டார்கள். வார்டன் மகிழ்ந்துபோய், ‘யுகோஸ்லாவியப் பாட்டு’ என்று பலகையில் எழுதிப் போட்டார். ஷபான் அவரிடம் போய்த் தானும் பாடுவதாகச் சொன்னான். “தாராளமாக” என்றார் அவர். அவருக்கு அவனும் யுகோஸ்லாவியன்தான். அவன் என்ன பாடப் போகிறான் என்பது அந்த விடுதியில் எனக்கும் ராடோவனுக்கும் மட்டும் தெரியும். வார்டனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பார்க்க நன்றாயிருக்கும் என்று முன்வரிசையில் இடம் பிடித்தேன்.

ராடோவன் முக்கால் மணி நேரம் பாடினான். கல் சுமந்து தோல் உரிந்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு அத்தனை பேரும் அழுதார்கள். எனக்குக் கொட்டாவி வந்தது. அவன் முடித்ததும் ஷபான் எழுந்து போய், எதிரே நின்று கையை நீட்டினான். ராடோவன் அவனை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு வாத்தியத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு, தன் நாற்காலியையும் விட்டு எழுந்தான். பாட வந்தவனுக்கு இல்லை என்று சொல்வது அவர்களுக்கு வழக்கமில்லையாம். அதைப் பிறகு அறிந்தேன்.

ஷபானின் குரல் பெரிய குரல் இல்லை. தனி ஆளாக இந்த நாட்டில் இருந்தவன். அவன் பாஷை பேச விடுதியில் ஒருவரும் கிடையாது. ஒரு வருஷமாக வாய்க்குள் வைத்திருந்ததை அன்றைக்கு வெளியே விட்டான். அவன் சொல்வது யாருக்கும் புரியவில்லை, வீரனின் பெயர் வருகிற வரைக்கும். பெயர் வந்தது, வாலில் அந்த வேறு எழுத்தோடு. பின்வரிசையிலிருந்து ஒரு தேநீர்க் கோப்பை பறந்து வந்து அவன் நெற்றியில் பட்டது. எறிந்தவன் சூளைக்குள் கல் அடுக்கும் ஒரு தடியன். ரத்தம் கண்ணில் இறங்கியது. ஷபான் நிறுத்தவில்லை. இன்னும் நாலைந்து வரி பாடினான். தடியன் நேரே வந்து வாத்தியத்தைப் பிடுங்கி பெஞ்சில் அடித்து இரண்டாக்கினான். அதன் பிறகுதான் ஷபான் கையை ஓங்கினான். ஒரே குத்து, தடியனின் மூக்கு உடைந்தது. சமையலறைப் பக்கம் போயிருந்த வார்டன் திரும்பி வந்து பார்த்தது அந்த ஒரு குத்தை மட்டும்தான்.

மறுநாள் காலை விசாரணை. அதற்கு முன்னால் ராடோவன் குளியலறையில் என்னைப் பிடித்தான். பாதி முகத்தில் சோப்பு நுரை.

“நீ பார்த்தாய்” என்றான்.

“பார்த்தேன்.”

“நீ சொல். நான் சொன்னால் இவர்களோடு வாழ முடியாது. எனக்கு இவர்களை விட்டால் வேறு ஊர் இல்லை. உனக்கு இங்கே யாரும் இல்லை. நீ சொல்லலாம்.”

“பாட்டைத் திருடினவன் என்று நேற்று வரைக்கும் அவனைத் திட்டினாயே?”

“திருடினான்” என்றான் ராடோவன். “ஆனால் முதலில் அடிக்கவில்லை.”

வார்டன் அறையில் செர்பியர்கள் ஒவ்வொருவராகப் போய், ஷபான்தான் முதலில் அடித்தான் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். ராடோவன் மட்டும், “நான் பாட்டைத்தான் கவனித்தேன், கையைக் கவனிக்கவில்லை” என்றானாம். கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். “நீ முன்வரிசையில் இருந்தாய். யார் முதலில் அடித்தது?” என்று வார்டன் கேட்டார்.

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. மூன்று வார்த்தை. ஆனால் அதைச் சொன்னால் நானும் ஒரு பக்கம் சேர்ந்தவனாகிவிடுவேன் என்று தோன்றியது. கோப்பை எறிகிறவர்கள், தலையைக் கக்கத்தில் இடுக்குகிறவர்கள், மலைக்குக் கையெழுத்து வாங்குகிறவர்கள் எல்லோரோடும் ஒரே பந்தியில் உட்கார வேண்டியிருக்கும். “ஐயா, இவர்கள் ஐந்நூற்றைம்பது வருஷமாக அடித்துக்கொள்கிறார்கள். முதலில் யார் என்று நான் எப்படிச் சொல்வது? எனக்கு இரண்டு பேரும் ஒன்றுதான்” என்றேன். வார்டன் விழுந்து விழுந்து சிரித்தார். “உங்கள் நாட்டிலும் இப்போது அதுதானே நடக்கிறது” என்றார், இந்து முஸ்லிம் கலவரத்தை நினைத்து. “அது வடக்கே” என்றேன். மத்தியானச் சாப்பாட்டின்போது என் பதிலை அவர் மேற்பார்வையாளர்களிடம் எடுத்துச் சொல்லுவது காதில் விழுந்தது. அன்று சாயங்காலம் வரை எனக்கு அது இனித்தது.

சாயங்காலம் உத்தரவு வந்தது. ஷபானை ஜெர்மனியில் அவன் முன்பு இருந்த முகாமுக்கே திருப்பி அனுப்புகிறார்கள். அங்கிருந்து அவனை எந்த நாடு எடுத்துக்கொள்ளும், அல்லது ஊருக்கே பிடித்து அனுப்பிவிடுவார்களா என்பது யாருக்கும் தெரியாது. அவன் தன் பொருள்களை ஓர் அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். நெற்றியில் பிளாஸ்திரி.

“உன்னையும் கேட்டார்களா?” என்றான்.

“கேட்டார்கள்.”

“என்ன சொன்னாய்?”

சொன்னேன். என் ஆங்கிலம் அவனுக்குப் புரியவில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொன்னான். வேடிக்கைப் பேச்சு இரண்டாம் தரம் சொல்லும்போது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அவன் புருவத்தைச் சுருக்கி யோசித்தான். பிறகு முகம் தெளிந்தது. “ஓ. நீ தூங்கிவிட்டாய். பாட்டு நீளம். நீ பார்க்கவில்லை” என்றான்.

“ஆமாம்” என்றேன்.

“உன்மேல் தப்பில்லை” என்று என் முழங்கையைத் தட்டினான். ஸ்டேஷனுக்கு அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். ரயில் வந்து அவன் ஏறும்வரை சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். அவன் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினான். நானும் ஆட்டினேன்.

திரும்பி வந்தபோது ராடோவன் தன் கட்டிலைக் கொட்டகையின் மறு கோடிக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தான். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு வார்த்தையும் பேசவில்லை. தடியன் மட்டும் என்னைக் கண்டால் புன்னகை செய்கிறான், சிகரெட் நீட்டுகிறான். நான் யாருக்கு வேலை செய்தேன் என்பது அவனுக்குச் சரியாகப் புரிந்திருக்கிறது.

ஒரு வாரம் கழித்து வார்டனிடம் போய் உள்ளதைச் சொன்னேன். கோப்பை, வாத்தியம், குத்து, எல்லாம் வரிசையாக. அவர் சலிப்போடு கேட்டுக்கொண்டார். “இதை அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா? காகிதம் போய்விட்டதே” என்றார். “எழுதிப் போடுங்கள்” என்றேன். போட்டார், எனக்காக. இன்றுவரை பதில் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் கடிதம் வந்தது. அம்மா இறந்து பதினாறு நாள் ஆகிவிட்டது என்று எழுதியிருந்தார். கடைசி வரியில், ‘உன் அக்கா வரவில்லை. அந்த ஆள் விடவில்லை. பாரு, எப்படிப்பட்ட ஜனங்கள் என்று’ என்றிருந்தது. கடிதத்தை வைத்துக்கொண்டு சூளைக்குப் பின்னால் மண்மேட்டில் உட்கார்ந்திருந்தேன். விடாதவர் பாவாதான். ஆனால் நான் அன்றைக்குப் போய்ச் சொல்லியிருந்தால் பாவாவே வந்திருப்பார். மூன்று மைல். ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தார், அதுவும் என்னிடமிருந்து. ஐந்நூறு வருஷத்துப் பழங்கதையைக் கட்டி அழுகிற ராடோவனுக்குத் தன் எதிரி முதலில் அடிக்கவில்லை என்று தெரிந்திருந்தது. சீமை கண்ட எனக்கு, எதிலும் சேராத எனக்கு, அவ்வளவுகூடத் தெரியவில்லை என்று சொல்ல முடியாது. தெரிந்தது. வாயைத் திறப்பது என் தகுதிக்குக் குறைச்சல் என்று இருந்துவிட்டேன். அவர்களுடைய பாட்டுகளை நான் இன்னமும் மதிக்கவில்லை. ஊரில் நடக்கும் மனுப் போர்களையும் மதிக்கவில்லை. அதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த ஆளைத்தான் இப்போது எல்லாவற்றையும்விடக் கேவலமாக நினைக்கிறேன்.

நேற்று கடிதம் எழுத உட்கார்ந்தேன். விமானத் தபாலுக்கென்று விற்கிற, வெங்காயச் சருகு போன்ற தாள். ஒரு பக்கத்தில் அண்ணனுக்குத் தமிழில் எழுதினேன்: டீக்கடையில் நீ பேசியது தப்பு, அன்றைக்கே சொல்லாதது என் தப்பு, இதைக் கொண்டுபோய் அக்கா வீட்டில் கொடு. பாவாவுக்குத் தெலுங்குதான் படிக்க வரும். அதனால் தாளைத் திருப்பி மறுபக்கத்தில், நைனா சொல்லிக்கொடுத்த கோணல் எழுத்தில், அதையே தெலுங்கில் எழுதினேன். முடித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மை இரண்டு பக்கமும் ஊறிப்போயிருந்தது. தமிழ் வரிகளுக்கு நடுவே தெலுங்குச் சுழிகள் தலைகீழாகத் தெரிந்தன. தெலுங்குப் பக்கத்தில் தமிழ். இரண்டில் எதையும் தனியாகப் படிக்க முடியவில்லை. வேறு தாள் கைவசம் இல்லை. அப்படியே மடித்து உறையில் போட்டு, மேலே எந்த வீட்டு விலாசத்தை எழுதுவது என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.